சங்கவி பேரில் போட்ட பதில்கள்

அந்தப் பையை மடியிலயே வெச்சுக்கங்க தம்பி. மேல வெச்சா இந்த ரோட்டுக்கு உளுந்துரும். உள்ள கம்ப்யூட்டர்தானுங்களே? அதான். பாத்துட்டுத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். முன்னாடி ரெண்டு சீட்டு காலியாத்தான் இருந்துது, பொய் எதுக்குச் சொல்லோணும்.

கோயமுத்தூர் வரைக்கும்தானுங்களே? நானும் காந்திபுரந்தான். அப்ப நேரம் இருக்குது. எனக்கு ஒரு மெயில் எழுதித் தரோணுமுங்க. இருங்க, இங்கிலீசு தெரியாத ஆளுன்னு நெனச்சுப்போடாதீங்க. தாலுகா ஆபீசுல முப்பத்திமூணு வருசம் பேனா புடிச்சவன். கிளார்க்கா சேந்து டெபுடி தாசில்தாரா ரிட்டையர் ஆனேன், போன மே மாசம். நாச்சிமுத்து போட்ட டிராப்டுன்னா மேல இருக்கறவங்க படிக்காமயே கையெழுத்துப் போடுவாங்க. ஆனா அந்த இங்கிலீசு இப்ப ஒதவாது. எனக்கு வேண்டியது இருவத்திரெண்டு வயசுப் பொம்பளப் புள்ளை எழுதற இங்கிலீசு.

சிரிக்காதீங்க தம்பி. என்ற மகளுக்காகத்தான். சங்கவின்னு பேரு, ஒரே புள்ளை. செப்டம்பர்ல ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போச்சு, எம்.எஸ்சி., ஃபுட் சயின்ஸ். இன்னையோட அது எங்ககூடப் பேசிப் பதினோரு நாளாச்சுங்க. கூப்புட்டா ரிங்கு போகுது, எடுக்கறதில்லை. மெசேஜ் போட்டா மொதல்ல நீலக் கோடு உளுந்துது, படிக்கறான்னு தெரிஞ்சுது. நாலு நாளா அதும் இல்லை.

என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் இந்த பஸ்ல ஏறியிருக்கறேன். காந்திபுரத்துல ஒரு கன்சல்டன்சி ஆபீசு, அவங்கதான் சீட்டு வாங்கிக் குடுத்தது. போன்ல கேட்டா, அட்மிசனோட எங்க வேலை முடிஞ்சுது சார்ங்கறான். நேர்ல போனாலும் அதையேதான் சொல்லுவான், எனக்குத் தெரியாதா. ஊட்டுல உக்காந்திருக்க முடியலீங்க. நேரா அந்த ஊருக்கே போலாம்னா பாஸ்போர்ட்டு இல்லை. எத்தினி பேருக்கு இருப்பிடச் சான்று, வருமானச் சான்றுன்னு கையெழுத்துப் போட்டிருப்பேன், எனக்குன்னு ஒரு பாஸ்போர்ட்டு எடுக்கத் தோணலை பாருங்க. இப்ப எழுதிப் போட்டிருக்குது. அது வந்து, அதுக்கு மேல விசா வந்து... விடுங்க.

மொதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு எழுத வரும்.

இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டது பூராம் நான்தானுங்க. பதினெட்டு யுனிவர்சிட்டி பாத்து, பட்டியல் போட்டு, ஒண்ணொண்ணுக்கும் கடைசித் தேதி குறிச்சு வெச்சேன். 'நான் ஏன் இந்தப் படிப்பைப் படிக்க ஆசைப்படறேன்'னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்கோணும். அதையும் நான்தான் எழுதுனேன். படிச்சுப்போட்டு கன்சல்டன்சிக்காரனே, 'சார், கண்ணு கலங்குது'ன்னான். அவளுக்குப் புடிச்சுத்தான் போனாளான்னு கேக்கறீங்களா? அதென்னங்க கேள்வி. அவ வேற என்னமோ ஒரு படிப்பு சொல்லிட்டு இருந்தா, இப்ப ஞாபகம் இல்லை. நல்லா வரும் கண்ணு, இதையே படின்னேன். சரிப்பான்னா. என்ற புள்ளை ஒருநாளும் எதுத்துப் பேசாது.

விண்ணப்பத்துல மெயிலு, போன் நம்பரு எல்லாம் என்றது. நம்ம ஊர்ல எந்த அப்பன் புள்ளை நம்பரைக் குடுப்பான், சொல்லுங்க. யுனிவர்சிட்டியில அவளுக்குன்னு ஒரு மெயிலு குடுத்தாங்க. அதுக்குள்ள போறதுக்கு ஆறு நம்பர் ஓ.டி.பி. வரும், அதும் என்ற போனுக்குத்தான். அவ அங்க இருந்து கேப்பா, நான் வாட்ஸப்புல அனுப்புவேன். பத்து நிமிசத்துக்குள்ள போடோணும், இல்லீன்னா செல்லாது. அங்க போய் அந்த ஊரு சிம்மு வாங்குனதும், நம்பரை மாத்திக்கறேன்ப்பான்னா. எதுக்குக் கண்ணு, நீ படிப்பைப் பாரு, கடுதாசிப் போக்குவரத்தை நான் பாத்துக்கறேன்னேன். தினம் குளிச்சுப்போட்டு எட்டு மணிக்கு உக்காந்தன்னா அவளுக்கு வந்த தபால் பூராம் பாத்துருவேன். ரிட்டையர் ஆன பொறகு எனக்குன்னு இருந்த ஒரே ஃபைலு அதுதானுங்க. நெசமாவே ஃபைலு போட்டு வெச்சிருக்கறேன், பிரிண்டு எடுத்து, பக்க எண் போட்டு. இந்தா, இந்தப் பைக்குள்ளதான் இருக்குது.

மொத மாசம் நல்லாத்தான் இருந்துது. மத்தியானம் ஒண்ணரைக்குக் கூப்புடுவேன், அங்க காலைல ஒம்பது. முகத்தைக் காட்டும், சிரிக்கும். பொறகு முகத்தைக் காட்டாம சன்னலைக் காட்ட ஆரம்பிச்சுது. மழை பாருங்கப்பான்னு சொல்லும். ஒருநாள் சொன்னா, 'அப்பா, லேப்ல நாலு நாலு பேரா சேரச் சொன்னாங்க. எல்லாரும் சேந்துட்டாங்க. நான் மட்டும் நின்னுட்டே இருந்தேன்'னு. அப்ப நீ தனியாவே செய்யி கண்ணு, மார்க்கை யாரோடயும் பங்கு போட வேண்டியதில்லைன்னேன். இன்னொருக்கா சொன்னா, 'நான் பேசுனா மறுபடி சொல்லு, மறுபடி சொல்லுங்கறாங்கப்பா. மூணாந் தடவை சொல்றப்ப என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே மறந்துருது.' மெதுவாப் பேசு, தெளிவாப் பேசுன்னேன். தைரியம் சொல்றதுல நான் ஒரு கொறையும் வெக்கலீங்க.

அக்டோபர் பதினாலாந் தேதி மொத மெயில் வந்துது. பியோனான்னு ஒரு அம்மா. என்ன பதவின்னு போடலை, சும்மா 'அன்புடன் பியோனா'. ரெண்டு வாரமா உங்களை வகுப்புல பாக்கலை, நல்லா இருக்கீங்களா, ஏதாச்சும் சிரமமா இருக்குதா, என்ற ரூமுக்கு எப்ப வேணா வரலாம், ஒரு டீ குடிச்சுக்கிட்டே பேசலாம்னு எழுதியிருந்தாங்க.

ரெண்டு வாரமா புள்ளை வகுப்புக்குப் போகலைங்கறதே எனக்கு அப்பத்தான் தெரியும். ஆனா தம்பி, அது என்னன்னு எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. மெமோ! எங்க ஆபீசுலயும் இப்பிடித்தான். கத்தற ஆபீசரைக் கூட நம்பலாம், டீ வாங்கிக் குடுத்து என்னப்பா பிரச்சனைன்னு கேக்கறவன்தான் நாம வாயைத் தொறந்ததும் எழுதி வெச்சுக்குவான். நானே அப்பிடி எத்தினி பேரை விசாரிச்சிருக்கறேன். மெமோ வந்தா மூணு விசயம். உடனே பதில் போடோணும், ஒண்ணையும் ஒத்துக்கக் கூடாது, மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லைன்னு முடிக்கோணும். ஃபைலு அங்கயே படுத்துரும். மெமோவுக்குப் பதில் போடாம விட்டவன்தான் சஸ்பெண்டு ஆவான்.

ஒரு மணி நேரத்துல பதில் போட்டேன், அவ பேருல. கடும் காய்ச்சல், இப்ப நலம், இனி தவறாம வருவேன், ஐ பெக் டு சப்மிட்னு. சாயந்தரமே பதில் வந்துருச்சுங்க! அடடா, கவலையா இருக்குது, சூப்பு ஏதாச்சும் கொண்டாரட்டுமா, யாரையாச்சும் அனுப்பட்டுமான்னு. தேவையில்லை, பெற்றோர் தினசரி தொடர்பில் உள்ளனர்னு அதுக்கும் போட்டேன். ரெண்டு வாரம் சத்தமில்லை. பாத்தியா, ஃபைலு முடிஞ்சுதுன்னு ருக்குமணிகிட்டச் சொன்னேன். ருக்குமணி என்ற சம்சாரம்.

புள்ளையைக் கேக்காம இருப்பனா? கேட்டேன். வகுப்புக்குப் போறதில்லையாமே கண்ணுன்னேன். 'காலைல எந்திரிக்க முடியலப்பா. எந்திரிச்சாலும் கதவைத் தொறக்க முடியறதில்லை'ன்னா. கதவுக்கு என்ன, பூட்டு சரியில்லையான்னேன். இல்லப்பான்னா. பியோனாவை ஒருக்கா பாத்துப் பேசட்டுமான்னு கேட்டா. வேண்டாஞ்சாமி, சொல்றதை எல்லாம் பதிவு பண்ணிக்குவாங்க, ஒருக்கா பதிவேட்டுல ஏறுனா எறங்காது, நாளைக்கு வேலைக்குப் போனாலும் ஒரு சம்பந்தம் பேசுனாலும் அது பின்னாலயே வரும்னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். சரிப்பான்னா.

நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கெழமை, என்ற சித்தப்பன் பேத்தி கல்யாணம். மண்டபத்துல மேளம் காதைக் கிழிக்குது. ஓ.டி.பி. வந்திருக்குது, அவளும் அப்பா நம்பர் அனுப்புங்கன்னு போட்டிருக்கறா. பந்தியில நின்னுட்டு இருந்தேன், பாக்கலை. மறுக்கா வந்துது, மறுக்கா கேட்டா. மூணாவது தடவை ருக்குமணிதான் போனைப் புடுங்கி அனுப்பி வெச்சா.

மறுநாள் காலைல எட்டு மணிக்கு மெயிலைத் தொறந்தா, செவ்வாக்கெழமை பதினோரு மணிக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்குதுன்னு வந்திருக்குது. மனசு சரியில்லாதவங்க போய்ப் பேசறாங்க இல்லீங்களா, அந்தப் பிரிவு. எனக்குச் சொல்லாம தானே எழுதிக் கேட்டிருக்கறா. தம்பி, உங்களுக்கு ஒரு மக இருந்து, பேருக்கு நேரா அப்பிடி ஒண்ணு எழுதியிருந்தா உங்களுக்கு எப்பிடி இருக்கும்? நான் அன்னைக்குச் சோறு திங்கலீங்க. யோசிச்சு யோசிச்சுப் பாத்து, மத்தியானம் பதில் போட்டேன். பிரச்சனை தீர்ந்துவிட்டது, ஒதுக்கிய நேரத்தை ரத்து செய்யவும், சிரமத்துக்கு மன்னிக்கவும்.

என்னுங்க அப்பிடிப் பாக்கறீங்க? அவ நல்லதுக்குத்தானே.

அவளுக்குச் சொல்லியிருக்கோணும், அது ஒண்ணு தப்புதான். சாயந்தரம் பக்குவமா சொல்லிக்கலாம்னு இருந்தேன், அன்னைக்கு அவ போன் எடுக்கலை. செவ்வாக்கெழமை அவ அங்க போயிருக்கறா. கதவைத் தொறந்து, கெளம்பி, மழையில நடந்து போயிருக்கறா. அங்க நீங்கதான் வேண்டாம்னு எழுதிட்டீங்களேம்மான்னு காட்டியிருக்கறாங்க. அன்னைக்குச் சாயந்தரம் அஞ்சரை மணி வாக்குல கூப்புட்டா. 'நீங்களாப்பா எழுதுனீங்க?' ஆமா கண்ணுன்னேன். கத்துவான்னு பாத்தேன், அழுவான்னு பாத்தேன். கோவமே படலீங்க. 'சரிப்பா'ன்னா. வெச்சுட்டா.

அதுதான் கடைசி. பதினோரு நாளு.

மொத ரெண்டு நாள் சரி, புள்ளைக்குக் கோவம், தணியட்டும்னு இருந்தேன். நாலாம் நாள் பியோனாகிட்ட இருந்து இன்னொண்ணு. மறுபடியும் உங்களைப் பாக்கவே முடியலை, திங்கக்கெழமைக்குள்ள பதில் இல்லீன்னா உங்க ரூமுக்கே ஒரு ஆள் வந்து பாத்துட்டுப் போவாங்கன்னு. நேர்ல தணிக்கை! ஹாஸ்டல்ல பத்துப் புள்ளைங்க பாக்க, அதிகாரிங்க வந்து கதவைத் தட்டுனா என்ற புள்ளை மானம் என்னத்துக்கு ஆகறது? அதுக்குப் பேரு என்ன ஆகும்? யோசிக்கவே இல்லை, கை தானாப் போச்சுங்க. நான் நலமாக உள்ளேன், படிப்பில் மும்முரமாக உள்ளதால் பதில் தாமதம், யாரும் வரத் தேவையில்லை.

யாரும் வரலை. அவ்வளவு ஒழுங்கான ஊருங்க அது. வேண்டாம்னு எழுதுனா வரவே மாட்டாங்க.

ஏழாம் நாள் நீலக் கோடு உளுகலை. இந்த ஓ.டி.பி. இருக்குதே, அது வந்தா எனக்கு ஒரு நிம்மதியா இருக்கும். புள்ளை எந்திரிச்சுருச்சு, படிக்க உக்காந்துருச்சுன்னு ருக்குமணிகிட்டச் சொல்லுவேன். அதும் நின்னு போச்சு. அப்பத்தான் என்ற சொந்த மெயில்ல இருந்து, என்ற சொந்தப் பேருல எழுதுனேன். நான் சங்கவியின் தகப்பனார், மகள் பேசுவதில்லை, தயவுசெய்து ரூமில் போய்ப் பாருங்கள்னு. பதில் என்ன வந்துது தெரியுமுங்களா? மாணவியின் சம்மதம் இல்லாம மூன்றாம் நபர்கிட்ட எதும் பேச விதி இல்லை, உங்க கவலையை உரிய பிரிவுக்குத் தெரிவிச்சிருக்கறோம், ஆனா மாணவி தன் கைப்பட எழுதறதைத்தான் நாங்க எடுத்துக்குவோம்னு.

மூன்றாம் நபர்! பெத்தவன் மூன்றாம் நபராம். மூணு தடவை எழுதுனேன், மூணு தடவையும் அதே பதில். போன் பண்ணேன், அந்தப் பக்கம் யாரோ தன்மையா அதையேதான் சொல்றாங்க. 'மாணவி நல்லா இருக்கறதா எழுத்து மூலமா இருக்குது சார்'ங்கறாங்க. அந்த எழுத்து என்றதுன்னு என்னால சொல்ல முடியலை. சரிங்க மேடம்னு வெச்சுட்டேன். இதுவே அவ பேருல எழுதுனப்ப எப்பிடிப் பதில் போட்டாங்க? சூப்பு கொண்டாரட்டுமான்னு கேட்டாங்க!

ருக்குமணி என்கூடப் பேச்சை நிறுத்திட்டா. கடைசியா ஒண்ணு சொன்னா. 'நீங்க அந்தப் பேனாவை மூடி வெச்சிருந்தா என்ற புள்ளை இந்நேரம் யாருகிட்டயாச்சும் பேசியிருக்கும்'னு. அவளுக்கு ஆபீசு நடைமுறை தெரியாதுங்க. அவ பாட்டுக்குத் தினம் அஞ்சாறு தடவை போனை வாய்கிட்ட வெச்சுப் பேசிப் பேசி அனுப்பறா. கண்ணு, இன்னைக்கு மழை. கண்ணு, பக்கத்து ஊட்டு மாடு கன்னு போட்டுது. கண்ணு, நான் இங்கயேதான் இருக்கறேன். ஒரு கேள்வி கெடையாது, ஒரு விவரம் கெடையாது. அப்பிடி ஒரு மெசேஜ் எதுக்கு, சொல்லுங்க?

என்ன? இன்னொருக்கா சொல்லுங்க, ஹாரன்ல கேக்கலை.

அதாவது, இதுவரைக்கும் வந்த பதில் பூராம் அப்பன் எழுதுனதுன்னு உண்மையைச் சொல்லச் சொல்றீங்க. அதெப்பிடிங்க தம்பி? ஆள்மாறாட்டம் அது. அதைப் போய் எழுத்துல குடுத்தா புள்ளையைக் காலேஜை விட்டே அனுப்பிருவாங்க. ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்து ஒருத்தன் பொழைச்சதா என்ற சர்வீசுல நான் பாக்கலை. நாலு பதிலு, நாலும் ஃபைலுல இருக்குது. அதை நான் எப்பிடி... உங்களுக்குச் சின்ன வயசு, நல்ல மனசுல சொல்றீங்க. வேண்டாங்க.

எனக்குத் தோணுனதைச் சொல்றேன். அவ பேருல எழுதுனாத்தானே கேப்பாங்க? அப்ப அவ பேருலயே எழுதிருவோம். கடைசியா ஒண்ணே ஒண்ணு. 'நான் நல்லா இல்லை, யாராச்சும் என்ற ரூமுக்கு வந்து பாருங்க.' உடனே ஓடுவாங்க, அந்த பியோனா அம்மா நல்ல மனுசி. ஆனா நான் எழுதுனா அது ஆபீசுக் கடுதாசியாட்டம் ஆயிருது. நேத்துப் பூராம் எழுதிப் பாத்தேன், மேற்கண்ட பொருள் தொடர்பாகன்னுதான் வருது. ஒரு புள்ளை, முடியாம இருக்கற புள்ளை, எப்பிடிக் கூப்புடுமோ அப்பிடி இருக்கோணும்.

எழுதறீங்களா? நெம்ப சந்தோசமுங்க. மடியில வெச்சே தட்டுங்க, சூலூர் தாண்டறதுக்குள்ள முடிச்சுரலாம். உள்ள போற நம்பர் என்ற போனுக்குத்தான் வரும், நான் சொல்றேன். வந்துருச்சு பாருங்க... நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு, சைபர், மூணு. போயிருச்சா? ம். டியர் பியோனான்னு போடுங்க. நான் நல்லா இல்லை. போட்டீங்களா?

அப்பறம்...

அப்பறம் என்னன்னு எழுதறதுங்க. சும்மா நல்லா இல்லைன்னா என்ன ஆச்சுன்னு கேப்பாங்களே. காரணம் ஒண்ணு எழுதோணும். காய்ச்சல்னு இனி எழுத முடியாது. படிப்பு கஷ்டமா, அவ கெட்டிக்காரி. சாப்பாடு சரியில்லைன்னு எப்பவும் சொன்னதில்லை. யாரோடயாச்சும் ஏதாச்சும்... இல்லை, அவளுக்கு அங்க யாரையும் தெரியாது. தினம் பேசுனேன் தம்பி. ரெண்டு மாசம், ஒருநாள் விடாம பேசுனேன். அவ ஒண்ணுமே சொல்லலீங்க.

உங்களுக்கும் அவ வயசுதானே இருக்கும். சொல்லுங்க, அவளுக்கு என்னவா இருக்குமுங்க?